மாட்டுக்கு நன்றிக்கடன்னா என்ன? கறவை மாடு வச்சிருக்கவங்களுக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: "வருஷா வருஷம் மாட்டுப் பொங்கலுக்கு மாட்டைக் குளிப்பாட்டி மாலை போட்டுக் கும்பிடுறோம். ஆனா இப்ப ஜெர்சி கிராஸ், சினை ஊசி, மூட்டைத் தீவனம், ஆன்டிபயாடிக்னு எல்லாம் மாறிப்போச்சு. இந்தக் காலத்துல நன்றிங்கறதுக்கு என்ன அர்த்தம், மாடு வச்சிருக்கவனோட உண்மையான பொறுப்பு என்ன?"

நான் கால்நடை மருத்துவர், என் சர்வீஸ்ல பெரும்பகுதி கிராமத்து மாட்டாஸ்பத்திரிலதான் போச்சு. அதனால சாஸ்திரமா சொல்லாம, கொட்டில்ல பார்த்ததை வச்சே சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

முதல்ல ஒரு விஷயம். அந்தக் காலத்து நாட்டு மாடு, காங்கேயமோ உம்பளச்சேரியோ, கன்னு குடிச்சது போக ரெண்டு மூணு லிட்டர் குடுக்கும், மேய்ச்சல்ல கிடைச்சதைத் தின்னு தாக்குப்பிடிக்கும், நாம பெருசா ஒண்ணும் செய்யலைன்னாலும் அதுபாட்டுக்கு வாழ்ந்துரும். இன்னைக்கு நம்ம வீட்ல நிக்கிற கலப்பின மாடு ஒரு நாளைக்கு 10, 15 லிட்டர் கறக்குது. அந்த உடம்பை அப்படி மாத்துனது நாமதான், நம்ம தேவைக்காக மாத்துனோம். அப்படி மாத்துனதால அந்த மாடு நாம இல்லாம பிழைக்காது, வெயில் தாங்காது, தண்ணி கொஞ்சம் குறைஞ்சாலும் பால் விழுந்துரும், கன்னு போடுற சமயத்துல கவனிக்கலைன்னா உசுருக்கே ஆபத்து. ஆக காலம் மாறினதால நன்றிக்கு அர்த்தம் போயிருச்சுன்னு நான் நினைக்கலை, கடன் கூடிருச்சுன்னுதான் சொல்வேன்.

மாட்டுப் பொங்கல்லயே ஆரம்பிக்கிறேன், ஏன்னா நாங்க பயப்படுற நாள் அது. தை ரெண்டாம் தேதி சாயங்காலத்துல இருந்தே போன் வர ஆரம்பிக்கும், மறுநாள் காலையில ஆஸ்பத்திரி வாசல்ல கூட்டம் நிக்கும். "சார், நேத்து நல்லாத்தான் இருந்துச்சு, இன்னைக்கு அசை போடல, தள்ளாடுது, சாணி தண்ணியாப் போகுது, புளிச்ச வாடை அடிக்குது." என்ன குடுத்தீங்கன்னு கேட்டா, வீட்ல வச்ச பொங்கல் ஒரு குண்டா, பெரியப்பா வீட்ல இருந்து ஒரு வாளி, கூட வாழைப்பழம், வெல்லம். பாசத்துல குடுத்ததுதான், சந்தேகமே இல்ல. ஆனா ஒரு பெரிய மாட்டோட முதல் வயிறு நூறு லிட்டருக்கு மேல பிடிக்கும், அதுக்குள்ள கோடிக்கணக்கான நுண்ணுயிர் இருந்துதான் வைக்கோலையும் புல்லையும் செரிக்க வைக்குது. திடீர்னு அதுல வெந்த அரிசியைக் கொட்டினா நல்ல நுண்ணுயிர் சாகுது, லாக்டிக் அமிலம் உண்டாக்குற கூட்டம் பெருகிருது, வயிறு புளிச்சுப் போகுது, ரத்தத்துல இருக்குற தண்ணியெல்லாம் வயித்துக்குள்ள இழுக்கப்படுது, கண்ணு உள்ள போயிரும், மாடு படுத்துரும். சிகிச்சை தாமதமானா ஒண்ணு ரெண்டு நாள்ல செத்துப்போகும். ஆட்டுக்கு இதைவிடக் கொஞ்சம் அரிசியே போதும். கல்யாண வீட்டு மீதிச் சோறைக் கொண்டுவந்து தொட்டில கொட்டுறதும் இதே கதைதான்.

அதனால கைப்பிடி அளவு ஒரு உருண்டை, வாழை இலையில வச்சு, சம்பிரதாயத்துக்கு அது போதும். மீதி ஆசைக்கு நல்ல பசுந்தீவனம் அள்ளிப் போடுங்க, அதான் அதுக்கு விருந்து. தெரியாம அதிகமாத் தின்னுருச்சுன்னா மிச்சத் தீவனத்தை எடுத்துட்டு உடனே டாக்டருக்கு போன் பண்ணுங்க, 1962-க்கு அடிச்சா நடமாடும் வண்டியும் வரும். சோடா உப்பு கரைச்சு ஊத்தச் சொன்னாங்கன்னு நாக்கைப் புடிச்சு இழுத்து வேகமா வாயில ஊத்தாதீங்க, நுரையீரலுக்குள்ள போச்சுன்னா அதுவே கொன்னுரும். கொம்புக்குப் பழைய ஆயில் பெயிண்ட் அடிக்கிறதும் வேண்டாம், ஈயம் கலந்த பெயிண்டா இருந்தா மாடு நக்கியே விஷமாயிரும்.

இதை இவ்வளவு சொல்றதுக்குக் காரணம், நன்றிங்கறது நமக்குப் பிடிச்சதை அதுக்குக் குடுக்கறதுல இல்ல, அது உடம்பு எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கறதுல இருக்கு.

கன்னு போட்ட மாட்டைப் பாருங்க. ரெண்டு மூணு ஈத்து போட்ட நல்ல கறவை மாடு, கன்னு போட்டு ரெண்டு நாளைக்குள்ள திடீர்னு எந்திரிக்காது. கழுத்தை வளைச்சு தலையை விலாமேல வச்சுப் படுத்திருக்கும், காதைத் தொட்டா ஜில்லுனு இருக்கும், சாணி போடாது. பால் காய்ச்சல். மாட்டு ரத்தத்துல ஒரு நேரத்துல ஓடிட்டிருக்குற சுண்ணாம்புச்சத்து மூணு கிராம் அளவுதான் இருக்கும், 10 லிட்டர் சீம்பால்ல 20 கிராமுக்கு மேல வெளிய போகுது. அந்த வித்தியாசத்தை அது எலும்புல இருந்து எடுத்துத்தான் ஈடுகட்டணும், எலும்பு அந்த வேகத்துக்குக் குடுக்க முடியாதப்பதான் மாடு சாயுது. நாம டம்ளர்ல குடிக்கறது அதோட எலும்புல இருந்து வந்ததுன்னு யோசிச்சுப் பாருங்க. கால்சியம் பாட்டிலை கழுத்து நரம்புல மெதுவா ஏத்திக்கிட்டே இன்னொரு கையில ஸ்டெதஸ்கோப் வச்சு இதயத்துடிப்பைக் கேட்டுட்டே இருக்கணும், வேகமா ஏத்துனா இதயம் நின்னுரும். கொஞ்ச நேரத்துல மூக்குமேல வேர்வை துளிர்க்கும், ஏப்பம் விடும், சாணி போடும், அப்புறம் ஒரு உந்து உந்தி எந்திரிச்சு நிக்கும். இத்தனை வருஷம் ஆகியும் அதைப் பார்க்கறப்ப எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனா ராத்திரி சாய்ஞ்ச மாட்டை "காலையில பார்த்துக்கலாம்"னு விட்டா காலையில கதை முடிஞ்சிருக்கும், அந்த ராத்திரி போன் பண்றதுதான் பொறுப்பு. இதுக்கு முந்தியே, சினையா இருக்கப்பவே தாது உப்பு, தீவனம் எல்லாம் டாக்டர்கிட்ட கேட்டுச் சரியா வச்சுக்கிட்டா பாதி பிரச்சனை வராது.

அதே கொட்டில்ல கன்னுக்குட்டி. இன்னமும் பல வீட்ல நஞ்சுக்கொடி விழற வரைக்கும் சீம்பால் குடுக்க மாட்டாங்க, பெரியவங்க சொன்னாங்கன்னு. தயவுசெய்து இதை விட்ருங்க. மனுஷக் குழந்தைக்கு வர்ற மாதிரி கன்னுக்கு வயித்துக்குள்ளயே எதிர்ப்புசக்தி வராது, சீம்பால் வழியா மட்டும்தான் வரும், அதுவும் கன்னோட குடல் அதை அப்படியே உறிஞ்சுற சக்தி ஒரு நாளைக்குள்ள போயிரும். பொறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள முதல் சீம்பால், முதல் நாளைக்குள்ள அதோட எடையில பத்துல ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்னுக்கு ரெண்டரை லிட்டர். சீம்பால்ல திரட்டுப்பால் கிண்டறதெல்லாம் கன்னு வயிறு நிறைஞ்ச பிறகுதான். காளைக் கன்னுன்னா இன்னும் மோசம், பால் வீணாகுதுன்னு பட்டினி போட்டே சாகடிக்கிற வீடு இருக்கு. அந்த மாடு பால் குடுக்கறதே அந்தக் கன்னு பொறந்ததாலதான், அதை மறந்துட்டு மாட்டைக் கும்பிடுறதுல என்ன இருக்குன்னு எனக்குப் புரியல.

இப்ப மடிநோய்க்கு வரேன், நவீன மாடு வளர்ப்புல நம்ம மனசாட்சிக்கு சோதனை வைக்கிற இடம் இதுதான். மடி வீங்கி, பால் திரிஞ்சு வருது, டாக்டர் காம்புக்குள்ள மருந்து ஏத்துறார், ஊசியும் போடுறார். போகும்போது சொல்றார், "இத்தனை நாளைக்குப் பாலை ஊத்தாதீங்க." வீட்ல என்ன நினைக்கிறாங்கன்னா, நோய் வந்தது ஒரு காம்புலதான, மத்த மூணு காம்பு நல்லாத்தான இருக்கு, அந்தப் பாலை சொசைட்டில ஊத்திரலாம்னு. அது தப்பு. மருந்து ரத்தத்துல கலந்து நாலு காம்பு வழியாவும் வரும். காய்ச்சுனாலும் பெரும்பாலான ஆன்டிபயாடிக் அழியாது. அந்தப் பால்ல உறை ஊத்துனா தயிரே உறையாது, ஏன்னா உறையில இருக்குற கிருமியை அந்த மருந்து கொன்னுரும். யாரோ ஒரு குழந்தைக்கு பென்சிலின் அலர்ஜி இருக்கலாம். அதோட, இப்படித் துளித்துளியா மருந்து போய்ப் போய்தான் கிருமிக்கெல்லாம் மருந்து பழகிப்போய், நாளைக்கு நமக்கே நிமோனியா வந்தா மருந்து கேட்காம போகுது. மருந்து டப்பாலயே எத்தனை நாள் பாலை ஒதுக்கணும்னு போட்டிருக்கும், 2012-ல இருந்து அது சட்டம். அந்த மருந்துக்குன்னு தனியா நாள் குறிப்பிடலைன்னா பாலுக்கும் முட்டைக்கும் குறைஞ்சது 7 நாள், கறிக்கு 28 நாள்.

ஒரு அக்காவை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஒத்தை மாடு, அதை வச்சுத்தான் குடும்பம். மருந்து போட்டு, டப்பால போட்டிருந்தபடி அஞ்சு நாள்னு சொல்லிட்டு நான் கிளம்பறப்ப, "சார், அஞ்சு நாளும் கொட்டணுமா"ன்னு கேட்டாங்க. ஆமாக்கான்னேன். கொஞ்ச நேரம் வாளியையே பார்த்துட்டு, "எம் பேத்தி குடிக்கிற பாலா இருந்தா கொட்டத்தான செய்வேன்"னு சொல்லி கொல்லைப்பக்கம் கொண்டுபோய் ஊத்திட்டாங்க. நன்றி, பொறுப்புன்னு எத்தனையோ கூட்டத்துல பேசிக் கேட்டிருக்கேன், இதைவிடத் தெளிவா யாரும் எனக்குச் சொன்னதில்ல. அதேசமயம் அந்த அஞ்சு நாள் நஷ்டத்தை அவங்க ஒருத்தரே சுமக்கறது நியாயமில்ல, சுத்தமான பால் வேணும்னு கேக்குற எல்லாரும் அதுல பங்கு எடுக்கணும், பால் விலை பத்தி பேசுறப்ப இதையும் சேர்த்துப் பேசணும்னு நான் உறுதியா நம்புறேன்.

ஆனா முக்கால்வாசி மடிநோயை வராமலே தடுக்கலாம், செலவும் கம்மி. கறக்குறதுக்கு முன்னாடி கையும் மடியும் கழுவி துணியால ஈரம் ஒத்தி எடுங்க. முதல் ரெண்டு மூணு பீச்சை கருப்புக் கிண்ணத்துல பீச்சிப் பாருங்க, திரி திரியா இருந்தா அப்பவே தெரிஞ்சிரும், தரையில பீச்சாதீங்க. கட்டைவிரலை மடக்கி காம்பை இழுத்துக் கறக்காதீங்க, முழுக்கையால அமுக்கிக் கறங்க. கறந்து முடிச்சதும் அயோடின் கரைசல்ல காம்பை முக்குங்க. அப்புறம் முக்கியமானது, கறந்ததும் தீவனம் வச்சிருங்க, ஏன்னா காம்போட துவாரம் மூட அரை மணி நேரமாவது ஆகும், அதுக்குள்ள மாடு சாணியில படுத்துச்சுன்னா கிருமி நேரா உள்ள போகும், தின்னுக்கிட்டிருந்தா நின்னுட்டே இருக்கும். ஆரம்ப நிலையில சோத்துக்கத்தாழை 250 கிராம், மஞ்சத்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைச்சு, தண்ணியா கரைச்சு மடியில ஒரு நாளைக்கு எட்டு பத்து தடவை பூசுற வைத்தியம் இருக்கு, நம்ம தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்து மரபுசார் மருத்துவ ஆளுங்க முறைப்படுத்துனது, தேசிய பால்வள வாரியமும் பரப்புது. நல்லாவே வேலை செய்யுது. ஆனா மாட்டுக்குக் காய்ச்சல் இருந்தா, பால்ல ரத்தம் வந்தா, இதை நம்பி நாள் கடத்தாதீங்க.

பாலோட சுத்தம்னதும் எல்லாரும் தண்ணி கலக்கறதைத்தான் பேசுவாங்க. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல நாடு முழுக்க 6,432 பால் சாம்பிள் எடுத்துப் பார்த்தாங்க. 77 சாம்பிள்ல ஆன்டிபயாடிக் அளவுக்கு மேல இருந்துச்சு, ஆனா 368 சாம்பிள்ல அஃப்ளாடாக்சின் எம்1ங்கற பூஞ்சை விஷம் அளவுக்கு மேல இருந்துச்சு, அதுல அதிகமா வந்த மாநிலங்கள்ல நம்ம தமிழ்நாடும் ஒண்ணு. இது யாரும் பால்ல கலக்கறது இல்ல, பூஞ்சை புடிச்ச கடலைப்புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, ஈரத்துல கிடந்த சோளம் வழியா மாட்டுக்குள்ள போய் பால்ல வர்றது, ஈரலைப் பாதிக்கிற விஷம். "மாடுதான, தின்னுரும்"னு கருப்படிச்ச புண்ணாக்கைப் போடுறோம் பாருங்க, அது மாட்டு ஈரலையும் கெடுத்துட்டு நம்ம டம்ளருக்கே திரும்பி வருது. மூட்டையைத் தரையில வைக்காம பலகைமேல வையுங்க, சுவத்தை ஒட்டி அடுக்காதீங்க, கட்டி தட்டுன தீவனத்தைக் கழிச்சிருங்க.

வலி மருந்தைப் பத்தியும் சொல்லியாகணும். டைக்ளோஃபினாக் போட்ட மாடு செத்து, அதைத் தின்ன பாறு கழுகுங்க சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமா செத்துச்சு, 1990-கள்ல ஆரம்பிச்சு சில வகைகள் 95 சதவீதத்துக்கு மேல அழிஞ்சிருச்சு. காரணம் இந்த மருந்துதான்னு 2004-ல நிரூபணமாச்சு, 2006-ல மாட்டுக்குப் போட தடை வந்துச்சு. ஆனா மனுஷங்களுக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டுட்டே இருந்தாங்க, அதனால 2015-ல மனுஷ ஊசி மருந்து ஒரு பாட்டிலுக்கு 3 மில்லி மட்டும்தான்னு கட்டுப்பாடு வந்துச்சு. 2023-ல கீட்டோப்ரோஃபென், அசெக்ளோஃபினாக்ங்கற வலி மருந்து ரெண்டையும் மாட்டுக்குப் போட தடை பண்ணுனாங்க. நம்ம நீலகிரி, மாயாறு, சத்தியமங்கலம் பக்கம் இன்னமும் பாறு கழுகு இருக்கு, தென்னிந்தியாவுல மிச்சமிருக்குற முக்கியமான கூட்டம் அது. இதுக்கெல்லாம் பதிலா மெலாக்சிகாம்ங்கற வலி மருந்து இருக்கு, கழுகுக்கு ஒண்ணும் ஆகாது, மாட்டுக்கும் வலி கேட்கும். அந்தப் பக்கம் மாடு வச்சிருக்கவங்க "இது என்ன மருந்து சார்"னு ஒரு வார்த்தை கேட்டாலே பெரிய உதவி. மருந்துக்கடையில நீங்களே ஊசி வாங்கிப் போடாதீங்க.

கோமாரித் தடுப்பூசி முகாமுக்கு நாங்க போறப்ப மாட்டை ஒளிச்சு வைக்கிறவங்க இருக்காங்க, பால் குறைஞ்சிரும்னு பயம். ஒண்ணு ரெண்டு நாள் குறையும், உண்மைதான், அப்புறம் திரும்பிரும். கோமாரி வந்தா வாயெல்லாம் புண்ணு, குளம்பு கழண்டு நிக்கும், பிழைச்ச மாடும் வெயில்ல நாய் மாதிரி மூச்சு வாங்கிட்டே காலம் தள்ளும், பழைய பால் திரும்பாது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போடணும், 2019-ல இருந்து தேசிய திட்டத்துல இலவசம். இதுல உங்க மாடு மட்டும் இல்ல, ஊரே சம்பந்தப்பட்டிருக்கு. கோமாரி வந்த மாட்டை "செத்துருமோ"ன்னு அவசரமா சந்தைக்கு ஓட்டிட்டுப் போய் வித்துட்டு வர்றது இருக்கே, அது பத்து ஊர்க் கொட்டிலுக்குத் தீ வைக்கிற காரியம். இதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

தடுப்பூசிமேல நம்பிக்கை இல்லாதவங்களுக்கு நான் எப்பவும் மாட்டைக் கொன்னு குவிச்ச வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) கதையைத்தான் சொல்வேன். நம்ம தாத்தா காலத்துல வெக்கை வந்தா ஊரே மாடில்லாம போயிரும், உழவு நின்னுரும், பஞ்சம் வரும். வடக்க இமயமலைப் பக்கம் இருக்குற முக்தேசர் கால்நடை ஆராய்ச்சி நிலையத்துல 1920-கள்லயே ஆட்டு வழியா பலம் குறைச்ச தடுப்பூசி உருவாக்குனாங்க, அப்புறம் அதைவிட நல்ல ஊசி வந்துச்சு, நாடு முழுக்க ஐஸ் பெட்டியைத் தூக்கிட்டு நடந்து நடந்து போட்டாங்க. இந்தியாவுல கடைசியா 1995-ல நம்ம வட ஆற்காடு பக்கம்தான் பதிவாச்சு, 2011-ல உலகத்துலயே இல்லைன்னு அறிவிச்சாங்க. பெரியம்மைக்கு அப்புறம் மனுஷன் ஒழிச்சுக்கட்டுன நோய் அது ஒண்ணுதான். இன்னைக்கு இளவட்டங்களுக்கு அந்தப் பேரே தெரியாது. பேர் தெரியாத எத்தனையோ கால்நடை உதவியாளர்களுக்கும், மாட்டைப் புடிச்சுக் குடுத்த விவசாயிங்களுக்கும் நாம நன்றிக்கடன் பட்டிருக்கோம்.

மாடு வளர்க்காதவங்களுக்கும் இதுல பங்கு இருக்கு. 2019-ல சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரில ஒரு மாட்டு வயித்துல இருந்து 52 கிலோ பிளாஸ்டிக் எடுத்தாங்க. மீந்த சோத்தை கேரிபேக்ல முடிச்சுப் போட்டு ரோட்ல வீசுறது யாருன்னு தனியா சொல்லணுமா. அதே மாதிரி ரோட்ல மாட்டை அவுத்து விட்டுட்டு சாயங்காலம் கறக்க மட்டும் தேடிப்போறவங்களும் மாட்டுக்காரர்னு சொல்லிக்கக் கூடாது.

வயசான மாட்டைப் பத்தி சுலபமான பதில் எங்கிட்ட இல்ல. மூணு மாட்டை வச்சுப் பிழைக்கிறவர், கறவை நின்ன மாட்டுக்குப் பத்து வருஷம் தீவனம் போடணும்னு நான் எப்படிச் சொல்ல முடியும், அவர் பிள்ளைங்க படிப்புக்கு யார் காசு குடுப்பா. ஆனா விக்கிறதா இருந்தாலும் எந்திரிக்க முடியாத மாட்டைக் கயிறு கட்டி லாரில இழுத்து ஏத்தாதீங்க, நோயைச் சொல்லாம ஏமாத்தி விக்காதீங்க, வலியில இருக்குற மாட்டுக்கு வலி மருந்து போடுறதை "இனி என்ன பிரயோஜனம்"னு நிறுத்தாதீங்க. இன்சூரன்ஸ் போட்டு வைங்க. திடீர்னு செத்து மூக்குலயும் ஆசனவாயிலயும் உறையாத ரத்தம் வந்தா அடைப்பானா (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம், அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது, அந்தக் கிருமியோட வித்து மண்ணுல பல பத்து வருஷம் உயிரோட கிடக்கும், டாக்டரைக் கூப்பிட்டு அவர் சொல்றபடி சுண்ணாம்பு போட்டு ஆழமாப் புதைக்கணும்.

கடைசியா ஒண்ணு. வீட்ல 4 மாசத்துக்கும் 8 மாசத்துக்கும் இடையில கிடேரிக் கன்னு இருந்தா ப்ரூசெல்லா தடுப்பூசி போட்டாச்சான்னு இந்த வாரமே கேட்டுருங்க, வாழ்நாளுக்கு ஒரே ஊசி, அந்த வயசு தாண்டிட்டா போட முடியாது, காளைக் கன்னுக்குப் போடுறதில்ல. அந்த நோய் வந்த மாடு சினையோட கடைசி மூணு மாசத்துல கன்னை வீசிரும், அதாவது கரு கலைஞ்சிரும், அந்த நஞ்சுக்கொடியை வெறுங்கையால இழுக்கிறவங்களுக்கும் தொத்தி, விட்டு விட்டுக் காய்ச்சலும் மூட்டு வலியுமா மாசக்கணக்குல படுத்தும். கன்னு வீசுன மாட்டைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு பாலிதீன் கவராவது கையில மாட்டிக்கங்க, அந்தப் பாலைக் காய்ச்சாமக் குடிக்காதீங்க.